உழைக்கும் தோல்

வாங்கிய செருப்பு நெடுநாள் கிழியாமல் இருந்தால் அது ‘நன்றாக உழைத்தது’ என்றும், இரண்டாம் மாதமே வார் அறுந்துபோனால் ‘உழைக்கவில்லை’ என்றும் சொல்வது தமிழ் வழக்கு. குடைக்கும் பாய்க்கும் சட்டைக்கும்கூட இந்த வினை பொருந்தும் என்றாலும், காலணியைப் பற்றிய பேச்சில்தான் அது தன் முழு எடையோடு வந்து அமர்கிறது. மனிதரின் பாரத்தை நாள் முழுக்கச் சுமந்து, தேய்ந்து, தேய்ந்த காரணத்துக்காகவே வாசலுக்கு வெளியே வீசப்படும் பொருள் வீட்டில் வேறு இல்லை. அதே வழக்கின் மறுமுனையில், பிறருக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்பவர் செருப்பாய்த் தேய்ந்தார் எனப்படுகிறார். நன்றிக்கடன் தீராது என்று சொல்ல விரும்புபவர் தன் தோலையே செருப்பாய்த் தைத்துப் போடுவதாகச் சொல்கிறார். மாட்டின் பதனிட்ட தோலுக்கும் மனித உடம்பின் தோலுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால் அந்த வாக்கியம் கேட்பவரின் காதில் மிகையாக ஒலிப்பதில்லை. இதையெல்லாம் மொழியின் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கண்டியிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் அப்படி ஒதுக்குவது எளிதாக இல்லை. தமிழகத்துக் கிராமங்கள் ஒருகாலத்தில் கண்டிச்சீமை என்று அழைத்த இந்த நிலத்தில் உழைப்பு என்றால் முதலில் தோட்ட வேலை; அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த கால்கள் பெரும்பாலும் வெறுங்கால்கள். அதே தோட்டப் பாதைகளில் இன்று நடக்க வருபவர்களின் விலையுயர்ந்த மலையேற்றக் காலணிகள் உழைக்காமல் போவதைப் பற்றி மனக்குறை எழும்போது, எது உழைக்கவேண்டும், எவ்வளவு காலம் உழைக்கவேண்டும், யாருடைய தோல் கணக்கில் வரும் என்ற கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

மலையேற்றக் காலணிக்கு முதுமை பெரும்பாலும் அலமாரிக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஓரிரு முறை மட்டும் அணிந்து, துடைத்து, காகிதம் திணித்துப் பெட்டியில் வைக்கப்பட்ட ஒரு சோடி, ஆறேழு ஆண்டு கழித்து வெளியே எடுக்கப்படும்போது மேற்புறத்தில் எந்தக் குறையும் தெரிவதில்லை. தோல் மினுங்குகிறது, கயிறு முறுக்குக் குலையாமல் இருக்கிறது, அடி ரப்பரின் பற்கள் புதிதாகவே நிற்கின்றன. ஆனால் அடி ரப்பருக்கும் மேற்தோலுக்கும் நடுவே விரற்கனத்தில் ஓடும் அந்தச் சாம்பல்நிற நுரையைக் கட்டைவிரலால் அழுத்தினால், விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றுவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் பழைய கேக்கைப் போல உதிர்கிறது, உதிர்ந்த துகள் விரலில் பிசுபிசுவென ஒட்டுகிறது. அடி எடுத்து நடந்தால் அரைமணி நேரத்துக்குள் அடிப்பாகம் முழுதாகக் கழன்று பாதையில் கிடக்கும். குற்றவாளி அந்த நடு அடுக்குதான்: நடையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகப் பல காலணிகளில் வைக்கப்படும் பாலியூரித்தேன் என்னும் நுரைப் பிளாஸ்டிக். அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைப் பிணைக்கும் எஸ்டர் கண்ணிகளைக் காற்றிலுள்ள நீராவியே மெல்ல வெட்டுகிறது. நீர்ப்பகுப்பு எனப்படும் இந்த வினையில் பிறக்கும் அமிலம் அடுத்த கண்ணி அறுவதையும் விரைவுபடுத்துவதால், தொடங்கிய அழிவு தானாகவே வேகம் பிடிக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் வேகம் இன்னும் கூடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, அவற்றுக்கு இடையே ஐப்பசியில் மதியத்துக்குப் பின் கொட்டும் இடிமழை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் கண்டி, வெயிலும் ஈரமும் ஒருசேரக் குடியிருக்கும் ஊர். இந்த அழிவுக்கு நடக்கவேண்டியதில்லை, மூச்சு விடும் காற்று போதும். விற்பவர் தரும் உத்தரவாதம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது, நுரையின் ஆயுளோ தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுகிறது.

நுரைக்கு மாற்று இல்லாமல் இல்லை. இலகுவான நடைக்காலணிகளில் வரும் ஈ.வி.ஏ. என்ற வேறொரு நுரையை நீர் இப்படி வெட்டுவதில்லை. ஆனால் அது நடக்க நடக்க நசுங்கி, ஒருமுறை நசுங்கிய இடத்தில் மீண்டும் எழும்பாமல், சில நூறு கிலோமீட்டருக்குள் பலகைபோல் ஆகிவிடுகிறது. முன்னது நடந்தாலும் நடக்காவிட்டாலும் சாகும், பின்னது நடப்பதாலேயே சாகும். தோலின் கதையும் இதைவிடத் தேறியதல்ல. மழைக்காலத்தில் ஒரு வாரம் திறக்காமல் வைத்த தோற்சப்பாத்தின் மேல் வெண்பச்சைப் பூஞ்சணம் படர்வதைக் கண்டியில் எந்த வீட்டிலும் காணலாம். அதைத் துடைத்து, மெழுகு தடவி, வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கிறது, வெயிலில் வைக்காவிட்டால் மீண்டும் பூக்கிறது. நீர் புகாத, ஆனால் வியர்வையின் ஆவியை மட்டும் வெளியே விடும் நுண்துளைச் சவ்வு ஒன்றைத் தோலுக்கு உட்புறம் ஒட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்பது குளிர்நாட்டுத் தயாரிப்பாளரின் நம்பிக்கை. அந்தச் சவ்வு வேலைசெய்ய, காலணிக்குள் இருக்கும் ஈரம் வெளியே இருப்பதைவிட மிகுந்திருக்கவேண்டும். ஆவி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் நகரும். மழை நின்ற மறுகணத்தில் தும்பர மலைச்சரிவின் காற்று தானே ஈரத்தில் நிறைந்து நிற்பதால் வியர்வை போக இடமின்றி உள்ளேயே தேங்கிவிடுகிறது. ஓடை ஒன்றைக் கடக்கும்போது கணுக்காலுக்கு மேலால் உள்ளே வழியும் நீரும், வெளியே போகவிடாத அதே சவ்வால், காலணிக்குள் ஒரு சிறு குளமாக நிற்கிறது. நீர் புகாதது என்ற புகழ்மொழிக்கு இந்த மலையில் நீர் வெளியேறாதது என்றும் ஒரு பொருள் உண்டு.

சுகம் என்று காலணிப் பேச்சில் சொல்லப்படுவது என்னவென்று வரையறுப்பது, உழைப்பை வரையறுப்பதைவிடக் கடினம். அது இல்லாதபோதுதான் அதற்குப் பெயர்கள் கிடைக்கின்றன: செருப்புக்கடி, கால் ஆணி, சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கொப்புளம். இவற்றுள் முதற்சொல் விசித்திரமானது. பல்லில்லாத ஒரு பொருள் கடிப்பதாக மொழி கருதுகிறது, நடப்பவரின் காலை அட்டையும் கடிக்கிறது, செருப்பும் கடிக்கிறது. உண்மையில் கடிப்பவர் யாருமில்லை. குதிகாலில் எலும்பு முன்னே நகரும்போது, ஈரத்தில் ஊறிய தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. எலும்புக்கும் மேற்தோலுக்கும் நடுவே உள்ள மென்மையான அடுக்குகள் எதிரெதிராக இழுபட்டு, ஆயிரம் அடிகளுக்குப் பின் ஓரிடத்தில் பிரிந்து, பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. இறக்கத்தில் கதை வேறு: பாதம் முன்னுக்கு வழுகி விரல்நுனிகள் காலணியின் மூக்கில் மோத, பெருவிரல் நகத்தின் கீழ் இரத்தம் கட்டிக் கருக்கிறது. நீண்ட நடையில் கால் வீங்கும் என்பதால் காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் தவறாகிவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு பொருத்தமின்மை இருக்கிறது. காலணிகள் காலின் வடிவில் செய்யப்பட்ட அச்சுக்கட்டையின் மேல் இழுத்துத் தைக்கப்படுகின்றன. அந்த அச்சு, சிறுவயது முதல் மூடிய சப்பாத்துக்குள் வளர்ந்த குறுகிய பாதத்தைப் பார்த்துச் செதுக்கப்பட்டது. வெறுங்காலோடு நடந்து பழகிய இந்தியர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவர்களின் முன்பாதம் அகன்றிருப்பதையும் பாரம் பாதமெங்கும் சீராகப் பரவுவதையும் காட்டியது. அகன்ற பாதத்தில் குறையில்லை. குறுகிய அச்சுக்குள் நுழையும்போதுதான் அது குறையாகிறது. இந்த முரணின் எல்லையில் நிற்பது பனிச்சறுக்குக் காலணி. 1960களில் தோலிலிருந்து வார்ப்புப் பிளாஸ்டிக்குக்கு மாறிய அது, கணுக்காலைச் சிறிதும் அசையவிடாமல் பூட்டி, காலையும் சறுக்குப்பலகையையும் ஒரே உறுப்பாக்குகிறது. நடப்பதற்காக அல்லாமல் நடக்கவிடாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட காலணி அது. பனியே காணாத கண்டியில் அதற்கு வேலையில்லை. ஆயினும், கால் எவ்வளவுக்குக் கட்டப்படுகிறதோ அவ்வளவுக்குக் காப்பு என்ற அதன் எண்ணம், கனத்த மலையேற்றக் காலணியின் கணுக்கால் பட்டைவரை இறங்கி வந்திருக்கிறது.

காலணியின் அடியில் உள்ள ரப்பரும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிப்பதே. இன்று மலையேற்றக் காலணிகளில் பரவலாகக் காணப்படும் பல்வைத்த ரப்பர் அடி, 1935இல் இத்தாலிய ஆல்ப்சில் புந்தா ராசிகா சிகரத்தில் தகுந்த காலணியின்றிப் பனிப்புயலில் சிக்கிய தன் தோழர்கள் ஆறு பேரை இழந்த விட்டாலே பிரமானி என்பவரின் துயரத்திலிருந்து பிறந்தது; 1937இல் அவர் பதிவுசெய்த அடி, அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து விப்ரம் எனப்பட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், 1876இல், பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளின் நாற்றுகளில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவை கப்பலில் இலங்கைக்கு வந்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெய்ட்சின் மேற்பார்வையில், பேராதனையைவிட வெப்பமான தாழ்நிலமாகிய கம்பகா ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களின் மூலக்கன்றுகளில் பல அந்த நாற்றுகளின் வழிவந்தவை. உலகின் மலைகளில் பதியும் காலடிகளுக்கும் கண்டிக்கு அருகிலுள்ள ஒரு பூங்காவின் அலுவலக மேசைக்கும் இப்படி ஓர் ஒட்டுறவு உண்டு. ஆனாலும் அந்த ரப்பர் இங்கேயே வழுக்குகிறது. பாசி படிந்த ஈரப்பாறையைப் பிடித்துக்கொள்ள ரப்பர் மென்மையாக இருக்கவேண்டும், மென்மையான ரப்பர் விரைவில் தேயும். நெடுநாள் உழைக்க அது கடினமாக இருக்கவேண்டும், கடினமான ரப்பர் ஈரப்பாறையில் கைவிடும். ஐந்தாண்டு தேயாத அடியைப் பெருமையாகச் சொல்பவர், தன் எலும்பை ஐந்தாண்டு பணயம் வைத்ததையும் சேர்த்தே சொல்கிறார். தும்பர என்றும் அழைக்கப்படும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் மீமுரே ஊரார் மெல்லிய ரப்பர்ச் செருப்போடு, பாறையைக் கண்டால் அதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் ஏறுவது இந்தக் கணக்கை அறியாமையால் அல்ல.

வெறுங்காலுக்கு இந்த ஊரில் ஒரு பழைய சட்டமும் இருந்தது. கண்டி மன்னனின் கைதியாக 1660 முதல் 1679 வரை இந்த மலைநாட்டில் வாழ்ந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சேறிய தம் நூலில், காலுறையும் சப்பாத்தும் அரசனுக்கு மட்டுமே உரிய உடை என்று குறித்திருக்கிறார். சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயரோடு கரையிறங்கியது. தமிழும் சிங்களமும் அதை ஒருசேர ஏற்றுக்கொண்டன. அணிவதற்குத் தடையிருந்த ஒன்றுக்கு அந்நியப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அரசு 1815இல் ஆங்கிலேயரிடம் போனபின் தடையும் போயிற்று. ஆனால் புத்தரின் பல் வைத்து வணங்கப்படும் தலதா மாளிகையின் வாசலில் இன்றும் எல்லாக் காலணியும் கழற்றப்பட்டுக் காலணிக் காப்பிடத்தில் கொடுக்கப்படுகிறது. அங்கே அடுக்குகளில் இருபது வருடம் தேய்ந்த ரப்பர்ச் செருப்பும், நேற்று விமானத்தில் வந்த கனத்த மலையேற்றக் காலணியும் ஒரே எண்ணட்டை முறையில் அருகருகே நிற்க, அவற்றின் உரிமையாளர்கள் மதிய வெயிலில் சுட்ட கல்லின்மேல் ஒரேவிதமாகக் குதித்துக் குதித்து நடக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் பாதத்துக்கு உயர்வுதாழ்வு இல்லை என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் அங்கும் வேறுபாடு தெரிந்துவிடும்: சிலருடைய பாதங்கள் கல்லின் சூட்டை உணராதவை போல நிதானமாக நடக்கின்றன.

அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் நூற்றாண்டுகளாக நீள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணிகளில் மன்னார்க் கரை சேர்ந்தவர்கள், காடுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து கண்டிச்சீமையின் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் வீழ்ந்தவர்கள் ஏராளம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது, அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்; மன்னார்க் கரையிலிருந்து வருவோர் அதன்பின்னும் நடந்தே வந்தார்கள். அந்த வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தபோது, நடந்தவர்களின் கால்களில் செருப்பும் சப்பாத்தும் இருந்தன. இரு நூற்றாண்டுகளுக்கு இடையே நடந்த எத்தனையோ மாற்றங்களில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று அது. வெறுங்காலில் காய்ப்பு ஏறுவது உடம்பின் திறமை. காலணி அணிந்தால் தேய்வது பொருள், அணியாவிட்டால் தடிப்பது தோல். பயன்பாட்டால் கெடாமல் பயன்பாட்டால் வலுக்கும் ஒரே அடி மனிதத் தோலே. கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களை ஆராய்ந்து 2019இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை ஒன்று, காய்ப்பு தடித்தாலும் பாதத்தின் தொடுவுணர்வு மழுங்குவதில்லை என்று காட்டியது. தடித்த ரப்பர் அடியால் செய்ய முடியாத காரியம் அது. இந்த இடத்தில் எழுதும் கை உற்சாகமடைகிறது. இயற்கை தந்த காலணி, தேயாத அடி, ஈரத்தில் உதிராத நுரை என்றெல்லாம் வாக்கியங்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன. அந்த உற்சாகத்தைத்தான் சந்தேகிக்கவேண்டியிருக்கிறது.

சந்தேகத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு. கொக்கிப்புழுவின் குடம்பி ஈரமண்ணில் காத்திருந்து, வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து, விரலிடுக்கில் ஓர் அரிப்பை மட்டும் விட்டு உள்ளே புகுந்து, குடலைச் சென்றடைந்து இரத்தம் குடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது குடிக்கக் குடிக்க முகம் வெளிறி, மூச்சு வாங்கி, நடை தளர்கிறது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் தன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைக் கண்டிக்கு வடக்கே மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் உடம்பில் அது குடியிருந்தது. மலசலகூடம் இல்லாத, தொழிலாளர் வரிசைவீடுகளாகிய லயங்களைச் சுற்றிய மண், வெறுங்காலுக்கு எதிரியாகச் செய்யப்பட்ட மண். கல்லும் முள்ளும் வென்ற தோல் இந்த மயிரிழைப் புழுவிடம் தோற்றது. இதைத் தெரிந்துகொண்ட பின், வெறுங்காலின் உறுதியைப் போற்றும் எந்த வாக்கியத்திலும், அவர்களுக்கு அது பழகிவிட்டது, சப்பாத்துக் கொடுத்தாலும் போடமாட்டார்கள் என்ற எசமானின் குரல் அடியில் கேட்கத் தொடங்குகிறது. பழக்கம் என்று அழைக்கப்பட்டதில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு விலை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோதும், இறக்குமதியாகும் நல்ல மலையேற்றக் காலணி ஒன்றின் விலை ஒரு மாதச் சம்பளத்தை எளிதில் விழுங்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் மறுதரப்பும் முழுமையான பொய்யல்ல. கொழுந்து பறிக்கும் சரிவில், ஒரு கால் மேட்டிலும் மறுகால் கானின் விளிம்பிலுமாக நிற்கும்போது, விரல்களால் மண்ணைக் கவ்விக்கொள்ளும் பிடிப்பைக் கனத்த காலணி கெடுத்துவிடும். நீர் தேங்கும் கம்பூட்சுக்குள் சேற்றுப்புண் பூக்கும். பூட்சின் வாய்வழியே உள்ளே விழுந்த அட்டை மாலைவரை யாரும் காணாமல் குடித்துக்கொண்டிருக்கும். வெறுங்காலில் ஏறிய அட்டையைச் சவர்க்காரமோ உப்போ சுண்ணாம்போ பட்ட மறுகணம் உதறிவிடலாம். எனவே காலணி வேண்டும் என்பதும், இந்தக் காலணி வேண்டாம் என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் நேர்மையாக வரக்கூடிய பேச்சுகள். அகன்ற முன்பாதமும் ஈரச்சரிவும் அட்டையும் நாட்சம்பளமும் தெரிந்த ஓர் அச்சுக்கட்டை செதுக்கப்பட்டிருந்தால் அந்த வாய் என்ன சொல்லியிருக்கும் என்பது மட்டும் கேட்கப்படாமலே இருக்கிறது.

கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையே அருங்காட்சியகமாக மாறி நிற்கும் இடத்திலிருந்து, பீக்கோ நடைபாதை தொடங்குகிறது. 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடியும் அது, புதிதாக வெட்டப்பட்ட பாதையன்று. தோட்டங்களுக்கு இடையே தேயிலையும் ஆட்களும் போய்வந்த பழைய வழிகளின் கோவை. நடக்க வருபவர்களின் காலணிகளில் சில, மேலே சொல்லப்பட்ட வேதிக்கணக்கின்படி, முதல் நாளிலேயே அடி பிளந்து நகரத்துக்குத் திரும்புகின்றன. தெருவோரத்தில் சாக்கு விரித்து, குத்தூசியும் மெழுகேற்றிய நூலும் பசைப்போத்தலுமாக அமர்ந்திருக்கும் காலணி தைப்பவரிடம் அவை வருகின்றன. தைக்கும் தொழிலைச் சாதியோடு சேர்த்துத் தைத்துவிட்ட சமூகம், அவரை நிமிர்ந்து பார்க்காமல் காலை மட்டும் நீட்டிப் பழகியது; காலணியின் உட்கட்டமைப்பை அவரளவுக்குப் படித்தவர் அந்தத் தெருவில் வேறு இல்லை என்பது அதற்கு உறைப்பதில்லை. பழைய முறையில் விளிம்போடு தைத்த தோற்சப்பாத்தை அவர் பிரித்து, புது அடி வைத்து, இன்னும் பத்தாண்டு உழைக்கச் செய்வார். உதிரும் நுரையில் அவரது ஊசி ஏறுகிறது, நூல் நிற்பதில்லை. பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை. நெடுநாள் உழைப்பது என்பது கெடாமல் இருப்பதன்று, கெட்டபின் தைக்க இடம் வைத்திருப்பது என்று அந்த ஊசி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். பொருளுக்கு அது பொருந்தும். தோலுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் தயக்கம் மிஞ்சுகிறது.

ஏனெனில் தோலுக்குத் தைப்பவர் இல்லை. மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், லயத்துக்குள் நுழையுமுன் பீலியடியில், குழாய்வழி இறங்கும் மலையூற்றின் நீரில், கால் கழுவுகிறார்கள். குதிகாலின் விளிம்பில் பித்தவெடிப்பு கோடுகோடாகப் பிளந்து, பிளவுக்குள் தேயிலைச் சாயமும் மண்ணும் ஏறிக் கறுத்து, வரைபடத்தில் ஆறுகளைக் குறித்ததுபோல் இருக்கிறது. பகலில் செருப்புப் போட்டவர் குதிகாலிலும் போடாதவர் குதிகாலிலும் அந்தக் கோடுகள் உண்டு, ஆழத்தில் மட்டும் வித்தியாசம். பீலியடியில் பலகாலம் துவைத்துத் தேய்ந்த கருங்கல் ஒன்று கிடக்கும். ஒரு காலால் நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றி, மறுகாலின் குதியை அந்தக் கல்லில் வைத்து, வலிக்கும் விளிம்புவரை போய் வலிக்குமுன் நிறுத்தித் தேய்க்கிறார்கள். காய்ந்து இறுகிய தோல் வெண்மாவாய்க் கரைந்து நீரோடு கானில் போகிறது. பார்க்க வருபவர்கள் வியந்து சொல்லும் அந்த உறுதியை, அது உள்ளவர்கள் ஒவ்வொரு மாலையும் கல்லில் உரசிக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.